பழைய காரில் ஹீட்டர் ஃபேன் சத்தம்: சத்தத்தை வைத்தே காரணத்தைப் பிடிக்கும் வழி

பழைய காரில் ஹீட்டர் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தால் உடனே புது மோட்டார் வாங்கக் கிளம்பாதீர்கள். மோட்டாரை மாற்றிய பிறகும் அதே சத்தத்தோடு ஓடும் கார்களைத் திரும்பப் பிரித்துப் பார்க்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். உள்ளே ஒரு காய்ந்த இலைக்காம்பு கிடக்கும், அல்லது ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சத்தத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். அதனால் இதைச் சத்தத்தின் வகைப்படி பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் காரில் என்ன சத்தம் கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியில் உள்ள சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஒரு விஷயம். பெரும்பாலான கார்களில் சூடான காற்றையும் ஏசி காற்றையும் தள்ளுவது ஒரே ப்ளோயர்தான் (ஃபேனும் அதைச் சுழற்றும் மோட்டாரும்). ஏசி போடும்போது மட்டும் நீங்கள் கவனித்த சத்தமாக இருந்தாலும் இங்கே உள்ளதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

## முதலில்: சத்தம் ஃபேனில் இருந்துதான் வருகிறதா?

காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள், ஏசி பட்டன் ஆஃப். இப்போது ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு வேகமாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள்.

எஞ்சின் ஓடாதபோதும் அதே சத்தம் கேட்டால் கோளாறு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். பெல்ட், டென்ஷனர் புல்லி, ஏசி கம்ப்ரஸர் என்று பானெட்டுக்குள் தேட வேண்டியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் சத்தமும் அந்த வகைதான்.

அடுத்து, சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். ஃபேன் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சுற்றும் பாகத்தில்தான் குறை. வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் ‘டக் டக்’ இடைவெளி மாறவில்லை என்றால் அது காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்பின் வேலை. வெளிக்காற்று, உள்காற்று பட்டனை மாற்றும்போது மட்டும் சத்தம் மாறினால் காற்று வரும் வழியில் ஏதோ இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது மட்டும் வந்து போனால் மோட்டாரின் புஷ் (சுற்றும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அல்லது ப்ளோயர் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம்.

இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். தேவையில்லாமல் டேஷ்போர்டைப் பிரிக்கும் பாதி நாள் வேலையை இது மிச்சப்படுத்தும்.

## பிரிப்பதற்கு முன்

பெரும்பாலான கார்களில் ப்ளோயர் மோட்டார் முன் பயணி இருக்கைக்கு எதிரே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் அல்லது அதற்குக் கீழே இருக்கும். இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கீழே நோக்கி ஒரு வட்டமான கருப்பு பிளாஸ்டிக் மூடியும் அதில் ஒரு கனெக்டரும் தெரியும். அதுதான். சில பழைய மாடல்களில் மோட்டார் பானெட்டுக்குள், எஞ்சின் பக்கச் சுவரில் இருக்கும். அப்படி இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

குளோவ் பாக்ஸைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். பயணி பக்கம் ஏர்பேக் உள்ள காராக இருந்தால், காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருந்து அப்புறம்தான் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிற ஒயரோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, தொடாதீர்கள். பேட்டரியை எடுக்கும் முன் ரேடியோவுக்கு ரகசிய எண் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல பழைய கார்களில் மின்சாரம் போய் வந்தால் ரேடியோ அந்த எண்ணைக் கேட்கும்.

வயதான பிளாஸ்டிக் குளிரில் சட்டென்று உடையும். காரை வெயிலில் கொஞ்ச நேரம் விட்டோ, ஹீட்டர் வேலை செய்தால் உள்ளே சூடேற்றியோ கிளிப்புகளை எடுத்தால் உடையாமல் வரும். கனெக்டரைப் பிடித்து இழுக்கும் முன் அதன் பூட்டு நாக்கை அழுத்துங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. மோட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போனால் அது மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குழாய். அது எங்கே செருகியிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது பலர் மறந்துவிடுவது இதைத்தான். அது இல்லாமல் ஓடும் மோட்டார் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

## சரசர, டிக் டிக்: ஏதோ உரசுவது போன்ற சத்தம்

ஃபேன் மெதுவாக ஓடும்போது டிக்... டிக்... என்று எண்ண முடியும். வேகம் கூட்டினால் ‘டர்ர்ர்’ என்று ஒரே சத்தமாகிவிடும். இதுதான் அதிகம் வரும் புகார், இதுதான் செலவே இல்லாமல் தீரும் புகாரும்.

வெளிக்காற்று உள்ளே வருவது முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் உள்ள கிரில் வழியாக. மரத்தடியில் நிறுத்தும் காரில் இலையும் பூவும் விதையும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. கேபின் ஃபில்டர் உள்ள காரில் அதுவே தடுத்துவிடும். நிறைய பழைய கார்களுக்கு அந்த ஃபில்டரே கிடையாது. ஃபில்டர் இருக்க வேண்டிய காரிலும் யாரோ எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது அது நனைந்து மடங்கி உள்ளே இழுபட்டிருக்கும்.

முதலில் பானெட்டைத் திறந்து கிரில் பகுதியைக் கையால் சுத்தம் செய்யுங்கள். அடுத்து ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். கனெக்டரை எடுத்து, மூடியைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டாரும் அதோடு சேர்ந்த உருளை வடிவ ஃபேன் சக்கரமும் ஒன்றாகக் கீழே இறங்கும். மூடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் மெதுவாகத் திருப்பி இறக்குங்கள். முகத்துக்கு நேரே வைத்துக் கழற்றாதீர்கள். மேலே சேர்ந்திருக்கும் குப்பை மொத்தமும் கண்ணில் விழும்.

சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இலை முழுதாகக் கிடந்தால் எளிதில் தெரிந்துவிடும். சிக்கல் தருவது காம்புதான். அது சக்கரத்தின் இரண்டு இதழ்களுக்கு (பிளேடுகளுக்கு) நடுவில் செருகிக்கொண்டு, நுனி மட்டும் ஒரு அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த நுனி பெட்டியின் சுவரில் ஒருமுறை தட்டும். நேராகப் பார்த்தால் இதழோடு இதழாகத் தெரியும். விரல் நுனியால் சக்கரத்தின் விளிம்பை வருடினால் உடனே தட்டுப்படும்.

சக்கரத்தைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திவிடாதீர்கள். மோட்டார் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டு, டார்ச்சும் அடித்துப் பாருங்கள். மேலே இன்னும் ஒரு கைப்பிடி இலை காத்திருக்கும், அடுத்த நாளே அது இறங்கும். மெல்லிய முனை போட்ட வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பது நல்லது. கம்ப்ரஸர் காற்றை உள்ளே அடிக்காதீர்கள். குப்பை ஏசி காயிலின் முகத்தில் போய் அப்பிக்கொள்ளும், அங்கிருந்து எடுப்பது பெரும் வேலை. ஃபேன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரின் மேல் காய்ந்த இலை குவிந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஃபேன் ஓடும்போது அந்த ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும், அதன் மேல் சருகு கிடப்பது ஆபத்து.

உள்ளே பஞ்சு, கிழிந்த காகிதம், கருப்பு மணிகள் போன்ற எச்சம் என்று இருந்தால் எலி கூடு கட்டியிருக்கிறது. அங்கே வேக்யூம் வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். தூளாகப் பறந்து மூச்சில் ஏறினால் நோய் வரலாம். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, கார்க் கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்தெடுங்கள். மோட்டார் மேலும் கனெக்டர் மேலும் அந்தத் தண்ணீர் படக்கூடாது. எலி வந்த காரில் ஒயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடித்த ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகுதான் பேட்டரியைத் திரும்ப இணைக்க வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க, கிரில்லுக்கு அடியில் துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றை வெட்டிப் பொருத்தலாம். கொசுவலை அளவுக்குப் பொடிக்கண் வேண்டாம், காற்று அடைபடும். கூடவே கிரில்லுக்கு அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளில் உள்ள அடைப்பையும் குத்தி எடுத்துவிடுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் நேராக மோட்டார் மேல் இறங்கும்.

## தடதட: டேஷ்போர்டே அதிர்கிறது

ஃபேன் சக்கரம் சமநிலை இழந்தால் வரும் சத்தம் இது. குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நான்காவது வேகத்தில் குளோவ் பாக்ஸ் மேல் கை வைத்தாலே அதிர்வு தெரியும்.

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். மோட்டார் மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் இருக்கின்றனவா, இறுக்கமாக இருக்கின்றனவா? முன்பு யாராவது கை வைத்த காரில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ காணாமல் போயிருப்பது சகஜம். ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வளையம் இருக்கும் மாடல்களில், அந்த ரப்பர் வயதாகிக் கல்லாகியிருக்கும். குறிப்பிட்ட ஒரே வேகத்தில் மட்டும் ‘ங்ங்’ என்று அதிர்ந்து, அதற்கு மேலும் கீழும் அமைதியாக இருந்தால் பெரும்பாலும் இந்த ரப்பரைத்தான் சந்தேகிப்பேன்.

அது இல்லையென்றால் மோட்டாரை இறக்கிச் சக்கரத்தைப் பாருங்கள். இதழ்களின் உட்குழிவில் ஈரமும் தூசியும் சேர்ந்து களிமண் போலக் காய்ந்திருக்கும். எல்லா இதழிலும் சமமாக இருந்தால் ஆட்டம் வராது. ஒரு பக்கத்தில் மட்டும் பெயர்ந்து விழுந்தால்தான் ஆட்டம். பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகச் சுத்தம் செய்யுங்கள். சக்கரத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மோட்டாரோடு சேர்த்துக் கழுவக் கூடாது.

சுத்தம் செய்யும்போது ஏதாவது ஒரு இதழில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருப்பதைப் பார்த்தால், அது தவறி விழுந்த பொருள் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். தொழிற்சாலையிலேயே சமநிலைக்காக வைத்த எடை அது. அதை எடுத்துவிட்டால் இல்லாத அதிர்வும் வரும். இதழ் உடைந்திருந்தாலோ, நடுவில் ஷாஃப்ட் (மோட்டாரின் தண்டு) நுழையும் இடத்தில் விரிசல் விட்டிருந்தாலோ பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை. சில மாடல்களுக்குச் சக்கரம் தனியாகக் கிடைக்கும், மற்றவற்றுக்கு மோட்டாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

## கரகர: பள்ளத்தில் இறங்கிய பிறகு தொடங்கிய சத்தம்

பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கில் உரசும் கரகரப்பு. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தொடங்கும், சில சமயம் இன்னொரு குலுக்கலில் தானாக நிற்கும்.

சக்கரம் ஷாஃப்ட்டில் சற்று இறங்கிவிட்டது, அல்லது மோட்டார் மூடி சரியாக அமராமல் சாய்ந்திருக்கிறது. கழற்றியதும் சக்கரத்தின் விளிம்பையும் பெட்டியின் உட்சுவரையும் பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று வட்டக் கோடாகத் தெரியும். கோடு சுவரைச் சுற்றி முழு வட்டமாக இருந்தால் சக்கரம் மேலோ கீழோ நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மோட்டார் சாய்ந்திருக்கிறது, அல்லது ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுகிறது.

நகர்ந்த சக்கரத்தை இரண்டு கட்டைவிரலாலும் நடுப்பகுதியில் அழுத்திப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். ஷாஃப்ட்டில் பழைய அழுக்குக் கோடே எது வரை என்று காட்டும். சுத்தியலால் அடிக்காதீர்கள். அந்த அடி ஷாஃப்ட் வழியாகப் புஷ்ஷில் இறங்கும், கரகரப்பு போய்க் கீச்சொலி வரும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் கிளிப்பை மாற்றுங்கள். நட் போட்டுப் பிடித்த மாடல்கள் சிலவற்றில் அந்த நட் வழக்கத்துக்கு மாறாக, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இறுக்கமாக இருக்கிறதே என்று பலம் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

உரசலோடு ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். தடைபட்டுச் சுற்றும் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், அந்தச் சூட்டில் கனெக்டர் உருகும்.

## கீச்: முதலில் கத்தும், சூடானதும் அடங்கும்

குளிர்ந்த காலையில் ஃபேனைப் போட்டதும் கீச்சென்று கத்தும். ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சில மாதத்தில் அடங்கும் நேரம் நீளும், அப்புறம் எப்போதுமே கத்தும். ஷாஃப்ட் சுற்றும் புஷ்ஷில் எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கார்களின் ப்ளோயர்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். அந்த எண்ணெய் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகிறது.

மோட்டாரைக் கையில் எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள். முதலாவது, சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். லேசாகச் சுற்றி நிற்க வேண்டும். நிற்கும்போது படிப்படியாகத் தடுக்கி நிற்பது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே காந்தம் இழுப்பதால் அப்படி இருக்கும். மணல் அரைபடுவது போலக் கைக்குத் தெரிந்தால்தான் கோளாறு. இரண்டாவது, சக்கரத்தை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழுமாக ஷாஃப்ட் மயிரிழை நகர்வது இயல்பு. பக்கவாட்டில் கைக்குத் தெரியும்படி ‘டொக் டொக்’ என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. வளைவில் திரும்பும்போது மட்டும் கத்தும் மோட்டார்களில் இந்த ஆட்டம் அனேகமாக இருக்கும்.

ஆட்டம் இல்லை, வறட்சி மட்டும்தான் என்றால் எண்ணெய் விடலாம். மெல்லிய மோட்டார் எண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய். ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி மோட்டாரை நிறுத்தி, ஓர் இரவு ஊறவிட்டு, கையால் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். அடித்த உடனே சத்தம் நிற்கும், ஆனால் புஷ்ஷில் மிச்சமிருந்த எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். சில நாளில் முன்பைவிட மோசமாகக் கத்தும். கிரீஸ் வைத்தாலும் அது புஷ்ஷுக்குள் ஊறாது. எண்ணெயை அதிகமாக விட்டால் உள்ளே சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மேல் வடிந்து, கரித்தூளோடு குழைந்து மோட்டாரே நின்றுபோகும்.

இன்னொரு சிக்கல், மோட்டாரின் மறுமுனையிலும் ஒரு புஷ் உண்டு. பல மோட்டார்களில் அது தகர உறைக்குள் மூடியிருக்கும், எண்ணெய் எட்டாது. கத்துவது அந்த முனை என்றால் நீங்கள் விட்ட எண்ணெயால் ஒன்றும் மாறாது. ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை உறையில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால் எந்த முனை என்று சொல்லிவிடலாம். இதை மோட்டார் காரில் மாட்டியிருக்கும்போது செய்யுங்கள். நுனி அசையாத உறையில்தான் பட வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் என்பது புது மோட்டார் வந்து சேரும் வரை வண்டியை ஓட்டுவதற்கான ஏற்பாடு. காலையில் மட்டும் கத்தும் மோட்டார் எண்ணெய்க்குப் பிறகு நல்ல காலம் ஓடுவதும் உண்டு. ஆனால் எப்போதும் கத்துவது, அல்லது பக்கவாட்டில் ஆடுவது என்றால் அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் விட்டமும் உயரமும், கனெக்டர், ஸ்க்ரூ ஓட்டைகளின் இடம், குளிர்விக்கும் குழாயின் வாய், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சுற்றும் திசை மிக முக்கியம். தலைகீழாகச் சுற்றும் மோட்டாரும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், ஆனால் பலவீனமாக. சத்தமில்லாமல் ஓடுகிறது, காற்று மட்டும் குறைவு என்று பிறகு குழம்ப வேண்டியிருக்கும். பழைய இரும்புக் கடையில் எடுத்த மோட்டாரை நான் பரிந்துரைப்பதில்லை. அதே வயது, அதே புஷ். வேறு வழியே இல்லாத அரிய மாடல் என்றால் மேலே சொன்ன இரண்டு சோதனையையும் கடையிலேயே செய்துவிட்டு வாங்குங்கள்.

## சிணுங்கல்: தட்டினால் ஓடுகிறது

ஃபேன் சில சமயம் தொடங்காது. குளோவ் பாக்ஸுக்கு அடியில் ஒரு தட்டு தட்டினால் ஓட ஆரம்பிக்கும். ஓடும்போது மெல்லிய சிணுங்கல், அந்தச் சமயத்தில் ரேடியோவிலும் கரகரப்பு. கார்பன் பிரஷ் தேய்ந்து முடிவுக்கு வந்துவிட்டது.

சில பழைய மோட்டார்களில் பிரஷ்ஷை மட்டும் மாற்ற முடியும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர்கள் அளவு பார்த்துப் போட்டுத் தருவார்கள். பிரஷ் உரசும் செப்புப் பகுதியில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷ்ஷும் நிலைக்காது.

கனெக்டரையும் கட்டாயம் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் மோட்டாரை மட்டும் மாற்றிப் பயனில்லை, கனெக்டரையும் ஒயர் துண்டோடு மாற்ற வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது காரையே கொளுத்தும் வேலை. எத்தனை ஆம்பியர் என்று ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கிறதோ அதுதான். அதிக வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் போனது ரெசிஸ்டர். ரெசிஸ்டர் அடிக்கடி போனால் இறுகிச் சுற்றும் மோட்டார் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

## டக் டக் டக்: வேகம் மாற்றினாலும் மாறாத சத்தம்

சாவி போட்டதும் சில நொடி அடித்துவிட்டு நிற்கும், அல்லது வெப்பநிலையை மாற்றும்போதும் காற்று வரும் திசையை மாற்றும்போதும் அடிக்கும். ஃபிளாப்பைத் திருப்பும் குட்டி மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் உடைந்திருக்கிறது. ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒருவரை உள்ளே உட்கார வைத்து பட்டனை மாற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டேஷ்போர்டுக்கு அடியில் ஒவ்வொரு குட்டி மோட்டாராகக் கை வைத்துப் பாருங்கள். அடிப்பது கைக்குத் தெரியும். கை எட்டும் இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று ஸ்க்ரூதான், நீங்களே மாற்றலாம். கழற்றியதும் ஃபிளாப்பின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பாவிட்டால் ஃபிளாப் சிக்கியிருக்கிறது, புது மோட்டாரும் பல் உடைத்துக்கொள்ளும்.

கேபிள் இழுத்து வேலை செய்யும் இன்னும் பழைய கார்களில் இந்த மோட்டார் கிடையாது. அங்கே ‘டக்’ என்றால் கேபிள் கிளிப் கழன்றிருக்கும்.

## சீட்டி

ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது உள்காற்று ஃபிளாப் பாதியில் நின்றிருக்கும். ஃபிளாப்பின் ஓரத்து ஸ்பாஞ்ச் உதிர்ந்து போன கார்களிலும் வரும். அப்போது காற்றோடு கருப்புத் துணுக்குகள் பறந்து வரும். ஃபில்டரை மாற்றிவிட்டு, உள்காற்று பட்டனை நான்கைந்து முறை மாற்றிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் மாற்றுவதற்குப் பல கார்களில் மொத்தப் பெட்டியையும் இறக்க வேண்டும். சீட்டிக்காக மட்டும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

## களகள: தண்ணீர்ச் சத்தம்

இரண்டு வகை. ஃபேன் ஓடும்போது, குறிப்பாக ஏசி போட்டு வளைவில் திரும்பும்போது தண்ணீர் அலம்பினால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. காருக்கு அடியில் அந்தக் குழாயின் வாயைத் தேடி, வளையும் மெல்லிய ஒயரை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்தால் தண்ணீர் மடமடவென்று இறங்கும். கூர்மையான கம்பி வேண்டாம். விட்டு வைத்தால் அந்தத் தண்ணீர்தான் மோட்டாருக்குள் ஏறித் துருப்பிடிக்க வைக்கும்.

ஃபேன் ஆஃபில் இருந்தும் எஞ்சின் ஓடும்போது டேஷ்போர்டுக்குள் களகளவென்றால் கூலன்ட் குறைந்து ஹீட்டரில் காற்று புகுந்திருக்கிறது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற மூட்டம், உள்ளே இனிப்பான வாடை, தரைவிரிப்பில் ஈரம் என்று இருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

## எந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் போக வேண்டும்

கருகல் வாடை, புகை, தொட்டால் சுடும் கனெக்டர்: ஃபேனை உடனே ஆஃப் செய்துவிட்டு, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ‘ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ என்பது இங்கே கூடாது.

மோட்டாரை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய மாடலாக இருந்தால், ஏர்பேக் உள்ள காரில் அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஏசி காயில் இருக்கும் பெட்டியைப் பிரிக்க வேண்டி வந்தாலும் அப்படித்தான். முதலில் ஏசி கேஸை அதற்கான கருவியால் இறக்க வேண்டும், குழாயைத் தளர்த்திக் காற்றில் விடுவது உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. ஒழுகும் ஹீட்டர் காயில், பெட்டிக்குள்ளேயே உடைந்த ஃபிளாப், எலி கடித்த ஒயர்க் கட்டு, இவையும் அதே கணக்கில் சேரும்.

போகும்போது ‘ஃபேன் சத்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எஞ்சின் ஆஃபிலும் வருகிறதா, திரும்பும்போது மாறுகிறதா, நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். காலையில் மட்டும் வரும் கீச்சொலி, மதியம் கேரேஜில் பெரும்பாலும் வராது.

## திரும்ப மாட்டும்போது

மூடி எல்லாப் பக்கமும் சமமாக அமர்ந்த பிறகு ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் பெட்டிதான், பலம் கொடுத்தால் ஓட்டை பெரிதாகிவிடும். ரப்பர் குழாய், கனெக்டர், அப்புறம் பேட்டரி. குளோவ் பாக்ஸை மாட்டும் முன்பே எல்லா வேகத்திலும் ஃபேனை ஓட்டி, உள்காற்று பட்டனை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பத்து நிமிடம் அதிக வேகத்தில் ஓடவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு சரியல்ல. எல்லாம் சரியென்றால் குளோவ் பாக்ஸை மாட்டிவிட்டு, மேடு பள்ளமுள்ள பாதையிலும் இரண்டு பக்க வளைவுகளிலும் ஃபேன் ஓட ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.